பிளம்ஸ் ஜூஸும் ஐந்தாவது சீலமும்

வேலை முடிந்து வந்த ஷோபா, முகம் கழுவலாம் என்று குளியலறைக் கதவைத் தள்ளினாள். தண்ணீர் டிரம்மில் கழுத்துவரை பிளம்ஸ் பழம் இருந்தது.

தான் பார்ப்பது சரிதானா என்று கொஞ்சம் நின்றாள். பக்கெட்டைப் பார்த்தாள். அதிலும் பிளம்ஸ். சமையலறைக்குப் போனாள். இட்லிக் குண்டான், பிரியாணி டேக்சா, குக்கர், முறம், மாவு சலிக்கிற சல்லடை வரைக்கும் எதையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பும் ஊதாவுமாக எங்கே பார்த்தாலும் பழம். பாதி வெடித்துச் சாறு வழிந்து, தரையெல்லாம் பிசுபிசுத்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது தப்பாகப் போயிற்று.

முன்னறைக் கட்டிலில் அவள் புருஷன் முனிகிருஷ்ணன் உட்கார்ந்து ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பழம் வந்த பிளாஸ்டிக் கிரேட்டை நாளைக்குக் காலையில திருப்பிக் குடுக்கணும். அதான் எல்லாத்துலயும் கொட்டிட்டேன்" என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

முனிகிருஷ்ணன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்குக் குன்னூரிலிருந்து வந்த பிளம்ஸ் லோடை ஏற்றிக்கொண்டு தொம்மலூர்ப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தான். கடையில் நாலு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, ரொம்பக் கனிந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், எங்கேயாவது கொட்டிவிட்டு கிரேட்டை மட்டும் கொண்டுவா என்றாராம். கொட்டுவதற்கு முனிகிருஷ்ணனுக்கு மனசு வரவில்லை.

"மலைமேல வெளஞ்ச பழம். ரோட்டோரம் கொட்டச் சொல்றான். நீ இருந்தா கொட்டுவியா?"

"நான் இருந்தா வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக் கேப்பேன். நாளைக்குக் காலையில காவேரித் தண்ணி வருது. எதுல புடிக்கிறது?"

அதை அவன் யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கொட்டையைத் துப்ப இடம் தேடி, கடைசியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்தச் சட்டையைத் துவைக்கப் போகிறவளும் ஷோபாதான்.

ஷோபாவுக்கு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. காலையிலிருந்து நின்றுகொண்டே சட்டைகளைப் புரட்டிப் புரட்டி, கோணல் தையலையும் விட்டுப்போன பட்டனையும் பார்த்து ஒதுக்குவாள். வீட்டுக்கு வந்தால் ஒதுக்க முடியாத ஒரே உருப்படி முனிகிருஷ்ணன். ஒரு வருஷம் காளான் வளர்க்கிறேன் என்று கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பையாகத் தொங்கவிட்டான். ஒரு வருஷம் பழைய பேட்டரிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன் என்றான். ஒவ்வொன்றையும் சந்தோஷமாகத்தான் ஆரம்பிப்பான். முடித்துவைக்கிறது மட்டும் அவள் தலையில் விழும். அவனிடம் கெட்ட புத்தி கிடையாது. அதனால்தான் திட்டவும் சரியாக வரமாட்டேன் என்கிறது.

"இவ்வளவு பழத்தை என்னா பண்றது?"

அவன் அதற்காகத்தான் காத்திருந்ததுபோல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வைன்."

ஷோபா காலில் ஒட்டின சாறைக் கால்மிதியில் தேய்த்தாள்.

"கீழ் வீட்டு மௌரீன் ஆன்ட்டி வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குப் போடுறாங்க இல்ல? திராட்சைக்குப் பதிலா பிளம்ஸ். அவ்வளவுதான். யூடியூப்ல பாத்தேன், சர்க்கரை, ஈஸ்ட் ரெண்டுதான் வேணும்."

"பௌத்தர் வீட்டுல வைன் காய்ச்சுவீங்க."

"காய்ச்சறதில்ல, ஊறவெக்கிறது."

"அடுத்த மாசம் ஆடிப் பௌர்ணமி வந்தனை நம்ம வீட்டுல. ஞாபகம் இருக்குதா? அஞ்சாவது சீலத்தைச் சொல்ல வர்ற ஜனத்துக்கு முன்னாடி டிரம்முல வைன் கொப்பளிச்சினு இருக்கும்."

முனிகிருஷ்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப சைடர் போடலாம்."

"அது இன்னா?"

"அது வைன் இல்ல. வெளிநாட்டுல ஆப்பிள்ல போடுவாங்க. ஜூஸ் மாதிரி, கொஞ்சம் சோடா மாதிரி."

"குடிச்சா தலை சுத்துமா, சுத்தாதா?"

"கொஞ்சமாத்தான் சுத்தும்" என்றான் முனிகிருஷ்ணன், நேர்மையாக.

இதில் ஷோபா விட்டுக்கொடுக்க முடியாதவள். நீலசந்திராவில் அவர்களைப்போல் சில குடும்பங்கள் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தர்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஐந்து சீலத்தையும் சொல்வார்கள். கொல்லமாட்டேன், திருடமாட்டேன் என்று போய், ஐந்தாவதாக, மயக்கம் தருவதைத் தொடமாட்டேன் என்று முடியும். மற்ற நாலிலும் மனுஷனுக்கு அப்படி இப்படி ஆகும் என்று ஷோபா பெருந்தன்மையாக இருப்பாள். அவளே கொசு அடித்திருக்கிறாள். ஐந்தாவது வேறு. அவள் அப்பா பாக்கெட் சாராயம் குடித்தே செத்தவர். வேலைக்குப் போகிற சைக்கிளில் டிபன் கேரியருக்குப் பக்கத்திலேயே அதுவும் தொங்கும். ராத்திரி அவர் மூச்சு வீடு முழுக்க வரும். அந்த வாடைக்குப் பயந்து தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு தூங்கின பிள்ளை அவள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வைனோ சைடரோ, எந்தப் பெயர் வைத்தாலும் அது அவர்கள் இருக்கும் மாடி வீட்டில் நடக்கக் கூடாது. அதற்கு வேண்டிய பழத்தை மௌரீன் ஆன்ட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கேனில் போட்டுக்கொள்ளலாம். மாடியில் ஜாமும் ஜூஸும் மட்டும். அதை ஷோபா செய்வாள். சொல்லி முடித்த பிறகுதான், தானே வேலையைத் தலையில் வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறு முழுக்க அதற்குப் போயிற்று. கொட்டையும் சதையும் ஒட்டிக்கொண்டு பிரியமாட்டேன் என்றன. வேகவைத்து, பழைய வேட்டியைக் கிழித்து வடிகட்டினாள். தோல் துணியை அடைத்துக்கொண்டது. பிழிந்து பிழிந்து மணிக்கட்டு விட்டுப்போயிற்று. உதவிக்கு வந்த மகள் சோனியா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு செய்முறை படித்தாள். கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறவள், எதையும் படித்துவிட்டுத்தான் செய்வாள்.

"மா, சர்க்கரை இவ்வளவு போட்டா யாரு குடிப்பாங்க? வந்தனைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு சுகர். பாதி போடு, போதும்."

"பாதி போட்டா கெடாதா?"

"இத்தனை கொதிக்க வெச்சிருக்கியே, எப்படிக் கெடும்?"

நியாயமாகப் பட்டது. ஜூஸுக்குச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாள். அந்த மிச்சச் சர்க்கரையை ஜாமில் கொட்டினாள். ஜாம் அடுப்பில் இருக்கும்போது தண்ணியாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிளறி, ஆறின பிறகு பார்த்தால் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. ஜூஸ் ஊற்ற பாட்டில் போதவில்லை. முனிகிருஷ்ணன் கீழே ஓடிப்போய் மூடி போட்ட மூன்று பெரிய பிளாஸ்டிக் கேன்களைக் கொண்டுவந்தான். ஃபிரிட்ஜில் அவை நுழையவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள்.

திங்கட்கிழமை கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் ஊதா. வெள்ளைச் சட்டை லாட் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்ரீ ஷோபா, என்ன இது, மையா?" என்றாள். பிளம்ஸ் என்று சொன்னதற்கு யாரும் நம்பவில்லை. அந்த வாரம் முழுக்க ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க வேலை பார்த்தாள். வீட்டில் குட்டிக் குட்டி ஈ வந்து சேர்ந்தது. விளக்கு போட்டால் விளக்கில், சோறு போட்டால் சோற்றில். சாயங்காலமானால் கீழேயிருந்து மௌரீன் ஆன்ட்டியின் குரல் கேட்கும்: "முனி, உன் வைன் ஒண்ணுமே பண்ணலை மேன். செத்த மாதிரி கிடக்குது." முனிகிருஷ்ணன் படி இறங்கி ஓடுவான். அவன் இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போடலாம் என்பான், அவர் வேண்டாம் என்பார். ஷோபாவுக்கு அதற்குள் பிளம்ஸ் என்ற பெயரே குமட்டிற்று. சோனியா தோசைக்கு அந்த ஜாமைச் சுரண்டி எடுக்கும்போது அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். செய்த ஜூஸை அவள் ருசிகூடப் பார்க்கவில்லை.

வந்தனை நாள் வந்தது. முன்னறைக் கட்டிலை எடுத்து மாடிப்படியில் சாய்த்துவைத்து, பாய் விரித்தார்கள். வீடு நிறைய ஜனம். சமையலறையில் ஷோபா எல்லோருக்கும் சித்ரான்னம் கிளறிக்கொண்டிருந்தாள்.

வந்தனையை நடத்துகிறவர் அப்பாதுரை. அடுகோடி ஏரியாவில் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாப் பெயரைக் கூவிக் கூவி உரமேறின குரல் இன்னும் அப்படியே இருந்தது. அவர் ஒரு வரி பாலியில் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஐந்தாவது சீலம் வந்தபோது ஷோபா கரண்டியை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்று, கைகூப்பிச் சொன்னாள். அப்பாதுரையும் அந்தச் சீலத்தை எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார். ஒரு காலத்தில் குடித்துவிட்டுப் பஸ்ஸிலேயே விழுந்து சஸ்பெண்ட் ஆனவர். சோனியா பிறந்த வருஷம் விட்டவர், அப்புறம் தொடவில்லை. இதெல்லாம் அவரே கூட்டத்தில் சொன்னதுதான்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜூஸ் கொடுக்கலாம் என்று சோனியா கேனைத் திறந்தாள். புஸ் என்றது.

"கேஸ் அடிக்குது மா."

"இழுத்துப் போடும்போது குலுங்கியிருக்கும். ஃபிரிட்ஜ் தண்ணி கலந்து ஊத்து" என்றாள் ஷோபா. கையிலிருந்த தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்க்க நேரமில்லை.

ஜூஸ் நன்றாக ஓடிற்று. முதல் சுற்று முடிவதற்குள் இரண்டாம் சுற்று கேட்டார்கள். தொம்மலூரிலிருந்து வந்திருந்த மமதா அக்கா, முட்டி வலியால் எந்தக் கூட்டத்திலும் முகத்தைச் சுளித்தபடியே உட்கார்ந்திருப்பவர், அன்றைக்குக் கால் நீட்டிக்கொண்டு தன் மாமியார் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சமையலறையிலிருந்து அதைக் கேட்டு ஷோபாவுக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இதாவது கிடைத்ததே என்று ஒரு தட்டில் கிளாஸ்களை அடுக்கித் தானே எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பாதுரை மட்டும் கையில் எதுவும் இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துக்குங்க அண்ணா."

"வேணாம்மா. தண்ணி இருந்தா குடு, போதும்."

"எல்லாரும் குடிக்கிறாங்க. சர்க்கரைகூட கம்மிதான்."

"இருக்கட்டும்மா. எனக்கு வேணாம்."

சாதாரணமாக இருந்தால் அவள் விட்டிருப்பாள். ஆனால் மணிக்கட்டு இன்னும் வலித்தது. முனிகிருஷ்ணன், சூப்பர்வைசர், ஈ, பிசுபிசுப்பு, ஊதா நகம் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு 'வேணாம்'மில் வந்து முட்டியது.

"எங்க வீட்டுல குடிச்சா ஆகாதா அண்ணா?" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாதுரை அவளைப் பார்த்தார். எதையோ சொல்ல வந்தார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து மமதா அக்கா, "ஷோபா, இங்க ஒண்ணு" என்று கூப்பிட்டார். அப்பாதுரை கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

சித்ரான்னம் பரிமாறி, பாத்திரம் ஒழித்து, வந்தவர்களை வழியனுப்பி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆயிற்று. போகும்போது எல்லோரும் ஜூஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாதுரை மட்டும் கும்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் படி இறங்கினார்.

பாயைச் சுருட்டி, ஜன்னல் திரையை ஒதுக்கியபோது, திரைக்குப் பின்னால் அந்தக் கிளாஸ் இருந்தது. விளிம்புவரை அப்படியே, ஒரு மடக்குகூடக் குறையாமல்.

ஷோபாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. வாங்கிக்கொண்டு, குடித்ததுபோல் காட்டி, திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொட்டுவதற்கா அவள் மணிக்கட்டு ஒடியப் பிழிந்தாள்? யாருக்கும் வேண்டாம் என்றால் நானே குடித்துத் தொலைக்கிறேன் என்று கிளாஸைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். பாதியில் நின்றாள்.

பிளம்ஸ் ருசி மேலேதான் இருந்தது. அதற்கு அடியில், தொண்டையில் இறங்கும்போது, வேறொன்று இருந்தது. மூக்குக்குள் ஏறிற்று. இந்த வயதில்கூட அவள் கை தானாக ஒரு தலையணையைத் தேடியது.

"சோனியா."

சோனியா வந்து முகர்ந்து பார்த்தாள். கேனையும் முகர்ந்தாள். போனை எடுத்து எதையோ படித்தாள். படித்ததைச் சொல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

முனிகிருஷ்ணன் கட்டிலை உள்ளே கொண்டுவந்து போட்டபோது ஷோபா மூன்று கேன்களையும் நடுவீட்டில் நிறுத்திவைத்திருந்தாள்.

"இந்தக் கேன் எங்கேருந்து வந்தது?"

"ஆன்ட்டி வீட்டுலேருந்து."

"அங்க அதுல என்னா வெச்சிருந்தீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "முதல்ல ஈஸ்ட் அதுலதான் கரைச்சேன். அப்புறம் ஆன்ட்டி இதைவிடப் பெரிய கேன் குடுத்தாங்க, அதுக்கு மாத்திட்டேன். ஆனா கழுவினேனே."

"எப்படிக் கழுவினீங்க?"

"தண்ணியில."

"தண்ணியில" என்று ஷோபா திருப்பிச் சொன்னாள்.

அவன் ஒரு கேனைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "அடடே. கீழ இருக்கிறதவிட இது நல்லா வந்திருக்குதே" என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஷோபா அவனை அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். வெளியே நின்று அவன், "ஷோபா, ஒரு பாட்டிலாவது ஆன்ட்டிக்கு" என்றான். உள்ளேயிருந்து கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கொட்டி முடித்து அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை பேருக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் சீலம் சொன்ன வாய் ஈரம் காய்வதற்கு முன்னால். ஆனால் அவள் மனசு அவர்களிடம் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவரிடமே போய் நின்றது. அந்த மனுஷன் சாப்பாடு முடிகிறவரைக்கும் அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மறுநாள் வேலை விட்டதும் அவள் நேராக அடுகோடிக்குப் போனாள். லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பாதுரையின் வீடு. மகனும் மருமகளும் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணா, நேத்து அந்த ஜூஸு..."

"புளிச்சு ஏறிப்போச்சு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ தட்டுல எடுத்துனு வரும்போதே வாடையில தெரியும்மா. மமதா குடிக்கும்போதே தெரியும்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வழி முழுக்க அதற்கு வார்த்தை கோத்துக்கொண்டும் வந்தாள். ஆனால் இதைக் கேட்டதும் அந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய், வேறு வந்தது.

"தெரிஞ்சும் ஏன் அண்ணா ஒரு வார்த்தை சொல்லல? அத்தனை பேரையும் குடிக்க விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. என்னை ஓரமா கூப்பிட்டு, இது இன்னதும்மான்னு சொன்னா நான் எல்லாத்தையும் திரும்ப வாங்கியிருக்க மாட்டேனா? இப்ப நான் யாருக்கு என்னா பதில் சொல்றது?"

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வாய் திறக்கவிடல" என்றார். அதில் கோபம் இல்லை. "அப்புறம், அவங்களுக்கு அது ஜூஸுதாம்மா. குடிச்சாங்க, சிரிச்சாங்க, வீட்டுக்குப் போனாங்க. மமதா அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. அதைப் போய் நிறுத்தணுமான்னு இருந்தது. எனக்குத்தான் அது ஜூஸ் இல்ல."

"நான் வேற அப்படிக் கேட்டுட்டேன்."

"கேட்டதுக்காகத்தான் வாங்கினேன்னு நேத்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் நினைச்சினு இருந்தேன்." ஒரு சட்டையை மடித்து வைத்தார். அடுத்ததை எடுத்து, மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "அது பாதிதாம்மா. வாங்கின உடனே பக்கத்துல வெச்சிருக்கலாம் இல்ல? வெக்க முடியல. எல்லாரும் பேசினாங்க, நான் தலையாட்டினேன். அவங்க என்னா பேசினாங்கன்னு இப்ப கேட்டா தெரியாது. கிளாஸு சில்லுனு இருந்தது, அது மட்டும் தெரியும். கிளம்பறதுக்கு எழுந்தேன் பாரு, அப்பத்தான் வெச்சேன். திரைக்குப் பின்னாடி வெச்சா கண்ணுல படாதுன்னு வெச்சேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்து, திரும்பப் போலாமான்னு நின்னேன்."

தெருவில் யாரோ லேத்தை நிறுத்தினார்கள். சட்டென்று அமைதியாயிற்று.

"போகல" என்றார். "பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

அவள் அப்பாவைப் பற்றி அவளுக்கு இத்தனை வருஷமும் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. வேண்டுமென்றே செய்தார், எங்களைவிடக் குடி அவருக்குப் பெரிசாகப் போயிற்று என்பதுதான் அது. இப்போதும் அந்த எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் கையிலிருந்து ஒரு கிளாஸைக் கீழே வைப்பதற்கு ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"எல்லார்கிட்டயும் நான் சொல்லிடணும் அண்ணா. மறைச்சா எனக்குத் தூக்கம் வராது."

"சொல்லு. என் கிளாஸைப் பத்தி மட்டும் வேணாம்."

கைப்பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து ஸ்பூனை விட்டார். ஸ்பூன் வளைந்தது. "இது கண்டிப்பா ஏறாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். வார்த்தை தடுமாறி, நடந்ததைச் சொன்னாள். யாரும் அவள் நினைத்ததுபோல் அதிரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருவர், "அப்படியா, எனக்குத் தெரியலையே" என்று சிரித்தார். இன்னொருவர், தெரியாமல் செய்ததற்குச் சீலம் முறியாது என்று நீளமாக விளக்கம் சொன்னார். மமதா அக்கா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சரி, இவர் ஒருவராவது திட்டப்போகிறார் என்று ஷோபா காத்திருந்தாள்.

"ராத்திரி முட்டி வலிக்கவே இல்ல ஷோபா" என்றார் மமதா அக்கா. "அதை எப்படிப் போட்ட?"

கீழ் வீட்டு வைன் கடைசிவரை வைனாகவில்லை. இரண்டு மாதம் கழித்து மௌரீன் ஆன்ட்டி மூடியைத் திறந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, முகத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டார். "வினிகர் மேன் இது. நல்ல வினிகர்" என்றார். அதைப் பன்றிக்கறி விந்தாலுக் குழம்புக்கு ஊற்றிக்கொண்டார். முனிகிருஷ்ணனுக்கு ஒரு கிண்ணம் விந்தாலு மேலே வந்தது. அவன் அதை வெற்றி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டான்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஆவணிப் பௌர்ணமி வந்தது. வந்தனை ஆனேக்கல் பக்கம் ஒரு வீட்டில். சீலம் சொல்லி முடிந்ததும் ஷோபா எழுந்து, போனில் சொன்னதை எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதுரையும் சிரித்தார். அப்புறம் அந்த வீட்டுப் பெண் மோர் கொண்டுவந்தாள். தட்டு அவரிடம் வந்தபோது அவர் கிளாஸை எடுத்து, குடிப்பதற்கு முன்னால் மூக்குக்கருகில் கொஞ்சம் நிறுத்தினார். பேச்சுக் கவனத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஷோபா பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பாயின் நுனியை நேர்செய்தாள்.

திரும்பக் கிளம்பும்போது புருஷனும் பெண்டாட்டியும் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். முனிகிருஷ்ணன் சாவியைத் திருகாமல் யோசித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் எத்தனை கிளாஸ் குடிச்சாங்கன்னு சொன்னே. அப்பாதுரை அண்ணன் குடிச்சாரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே. அவருதானே ரொம்ப வருஷமா விட்டவரு?"

"வண்டியை எடுங்க" என்றாள் ஷோபா.